நீ தெரியாது என்று சொன்ன டொக்டர்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை. உன் நலம் எனக்குத் தெரியும். பையில் எத்தனை மாத்திரை மிச்சம் வைத்திருக்கிறாய் என்பதுகூடத் தெரியும். போனில் பேசினால் "அம்மா, ஆஃபிஸ்ல இருக்கேன், பொறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிக்கும் முன்னால் ஒரு தடவை முழுவதும் வாசி. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதற்குள் இதைச் சொல்லாவிட்டால் நான் உன் தாய் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

போன மாதம் டொக்டரின் பிரேத வண்டி கண்டி டவுன் வழியாக மஹியாவ மயானத்துக்குப் போனபோது நான் அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தெல்தோட்டைப் பக்கமிருந்து மூன்று பஸ் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள், கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஆட்கள், உடுநுவரவிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். எல்லோரும் ஒரு காலத்தில் மூளைச் சோதனைக்கு என் கையால் தலையில் வயர் ஒட்டிக்கொண்டவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கொழும்பு வீதியில் அந்தப் புடவைக் கடை வாசலில் நீ நின்றாய். தர்ஷினி, அவளுடைய அம்மா, கையில் கூறைச் சேலைப் பை. வாகனங்கள் நின்றதால் நீங்களும் ஓரமாக நின்று பார்த்தீர்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ திரும்பிக் கடைக்குள் போய்விட்டாய். நான் நடையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நடுரோட்டில் வைத்து உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அன்று பின்னேரம் தர்ஷினியின் அம்மா எனக்குப் போன் எடுத்தார். சேலையின் நிறத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அந்த டொக்டரம்மா உங்க ஆஸ்பத்திரியாமே சம்பந்தி? எவ்வளவு கூட்டம். தம்பிகிட்ட கேட்டேன், யாருன்னே தெரியாதுன்னிச்சு."

நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்றேன். உனக்கு எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை மாதத்துக்கு ஒரு தடவை உன் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தவர். உன் பரீட்சை நாளில் எனக்குப் போன் பண்ணி "பெடியன் நித்திரை கொண்டவனோ" என்று கேட்டவர். அவரைத் தெரியாதாம். சரி. தெரியாதென்றால் நான் சொல்கிறேன். உட்கார்ந்து கேள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாரின் மூன்றாவது மகள் அவர். டொக்டருக்குப் படித்து முடித்ததும் முதல் வேலை இந்த மலைநாட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அதன் பின்கட்டில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். புத்தி பேதலித்தவள் என்று கட்டிலில் தொங்கிய நோய் டிக்கெட்டில் எழுதியிருந்தது. வருஷக்கணக்காக அப்படியே கிடந்திருக்கிறாள். டொக்டர் ஒரு நாள் மத்தியானம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று கண் ஓரிடத்தில் நிலைக்கும், உதடு எதையோ மெல்வதுபோல அசையும், விரல் போர்வை ஓரத்தைப் பிய்க்கும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு மிரண்டு கத்துவாள். கத்தி ஓய்ந்ததும் தெளிவாகத் தண்ணீர் கேட்பாள். அது பைத்தியமில்லை, மூளையின் ஒரு ஓரத்தில் எழும்புகிற வலிப்பு என்று டொக்டர் கண்டுபிடித்தார். கட்டை அவிழ்த்து மருந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் தன் பிள்ளைகளிடம் நடந்து போனாள். டொக்டர் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு தடவையும் பெருமையாகச் சொன்னதில்லை. கோபமாகத்தான் சொல்வார். "ஒரு கதிரை இழுத்துப் போட்டு இருக்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை. அந்தப் பிள்ளையின்ர உண்மையான நோய் அதுதான்."

அதற்காகவே வெளிநாடு போய் நரம்பியல் படித்தார். அங்கேயே இருக்கச் சொன்னார்கள், வந்துவிட்டார். வந்தபோது இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு துறையே கிடையாது. நரம்புத் தளர்ச்சிக்கு டொனிக் எழுதுகிற டொக்டர் என்று சிலர் நினைத்தார்கள். அவருக்கு ஒரு பொது வார்டைக் கொடுத்து, கிழமையில் அரை நாள் மட்டும் உங்கள் மூளை வேலையைப் பாருங்கள் என்றார்கள். வெளிநாட்டில் தான் படித்த ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப் போட்டிருந்த ஈ.ஈ.ஜி. மெஷின் ஒன்றை, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைகிற அந்த மெஷினை, எழுதி எழுதிக் கேட்டு வாங்கினார். அது கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. ஒரு நாள் காலை ரயிலில் தானே போனார். கையெழுத்து வாங்கி, ஒரு லொறி பிடித்து, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் லொறியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் பெட்டியின் கயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கிறதாக்கும் என்று டிரைவர் நினைத்தாராம். "உள்ளுக்கு என்ன இருக்குன்னு கேட்டேன், உன்ர மண்டைக்குள்ள இருக்கிறதைப் பாக்கிற சாமான் எண்டாங்க. அதுக்குப் பொறகு நான் வாயே தொறக்கல" என்று பிறகு எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் அப்போது அவருடைய வார்டில் அட்டென்டன். தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, யாரையோ பிடித்துக் கிடைத்த வேலை. ஒரு நாள் ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நின்றேன். முடிந்ததும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். டொக்டர் வந்தார்.

"கையில என்ன எழுதினனீர்?"

"மூணு நிமிஷம் பத்து செக்கன் டொக்டர். மொதல்ல இடது கை பெருவிரல் ஆடுச்சு. பொறகுதான் கை முழுக்க. முகம் கடைசியா."

அவர் என் கையைப் பிடித்து அந்த எழுத்தை வாசித்தார். "ஆர் உமக்கு இப்பிடிப் பாக்கப் பழக்கினது?"

என் அக்காவைப் பார்த்துப் பழகியது. அதை நான் சொல்லவில்லை. "எங்க லயத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வரும்" என்றேன். அந்தப் பொய்க்கு எவ்வளவு யோசித்தேன் என்று கேட்டால், ஒரு நொடிகூட இல்லை. வீட்டில் அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். அடுத்த கிழமையே டொக்டர் என்னை மெஷின் அறைக்கு மாற்றினார். பயிற்சி பெற்ற ஆட்கள் யாரும் கண்டிக்கு வரச் சம்மதிக்கவில்லை. "கோடு வாசிக்கிறதை நான் சொல்லித் தருவன். பாக்கிறது உமக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார்.

அந்த அறை முன்பு துணி அடுக்கி வைக்கிற அறை. பக்கத்து அறையில் தையல் மெஷின்கள். அவை ஓடினால் எங்கள் மெஷினின் எட்டுப் பேனாக்களும் பித்துப் பிடித்ததுபோலத் துள்ளும். தையல்காரர்கள் தேநீருக்குப் போகிற இருபது நிமிஷத்துக்குள் ஒரு ஆளின் தலையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பசை பூசி, வயர் ஒட்டி, எடுத்து முடிக்க வேண்டும். டொக்டர் வாசலில் மணிக்கூடோடு நிற்பார். பிசகினால் திட்டுவார். தாளை என் முன்னால் சுருட்டி எறிந்திருக்கிறார். நல்ல கோடு வந்தால் "ம்" என்பார், அவ்வளவுதான். பாராட்டத் தெரியாத மனுஷி. வலிப்பு வந்தவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்து அனுப்புகிற வழக்கம் இருந்ததே, அந்தச் சாவிகளை எல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். ஒரு தடவை ஒரு அப்பா, "அது எங்க தோட்டத்துக் கோயில் சாவி டொக்டர், நாலு நாளா பூசை நடக்கல" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார். அன்று மட்டும் டொக்டர் சிரித்தார்.

அவரும் பிழை விட்டவர்தான். ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, வலிப்பு என்று வந்தாள். வீட்டில் அடி உதை, பரீட்சை வேறு. இது நடிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு மூளையில் கட்டி. தெரிந்தபோது நேரம் தப்பிவிட்டது. அந்தப் பிள்ளையின் ஈ.ஈ.ஜி. தாளில் ஒரு துண்டை வெட்டிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். புதிதாக வருகிற ஒவ்வொரு டொக்டரையும் அதற்கு முன்னால் நிறுத்தி, "இதை வாசியும். இதில இருக்கு. நான் காணேல்லை" என்பார். மற்றவர்கள் பட்டத்தை மாட்டுகிற இடத்தில் தன் பிழையை மாட்டியவர். உனக்கு அந்தச் சுவரும் ஞாபகமிருக்கும். அதற்குக் கீழேதான் நீ உட்கார்ந்து படம் கீறுவாய்.

இனி நான் உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். உன் பெரியம்மா மல்லிகா பாம்பு கடித்துச் செத்தாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். அவளுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு. டொக்டரிடம் "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்று சொல்லி மாதா மாதம் நான்தான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். டொக்டர் ஒவ்வொரு தடவையும் "அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும், பாக்காமல் மருந்து கூட்டேலாது" என்பார். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். மாத்திரையில் அக்கா நன்றாகத்தான் இருந்தாள், ஒரு வருஷம் வலிப்பே இல்லை. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தம் வந்தது. அம்மாவும் அப்பாவும் மறைத்தார்கள். நானும் மறைத்தேன். நான்தான் அவளுக்கு யோசனையும் சொன்னேன்: "அரிசி டின்னுக்குள்ள வச்சுக்க அக்கா, யாரும் பாக்க மாட்டாங்க." மாமியார் இருக்கிற வீட்டில், ஒரே அறை லயத்தில், அரிசி டின்னை யார் திறக்க மாட்டார்கள்? அக்கா பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கல்யாணமாகி நான்காவது மாதம், காலையில், குழாயில் தண்ணீர் விழுகிற தோட்டத்துப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். முகம் குப்புற. பக்கத்தில் நின்ற பெண்கள் பேய் பிடித்துவிட்டது என்று பயந்து எட்ட ஓடிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன செய்வது? அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

நான் எட்டாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பினேன். டொக்டர் "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மருந்து முடிஞ்சிருக்குமே" என்று கேட்டார். அப்போதுதான் நான் வாய் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை எப்போதும் நீர் என்றுதான் கூப்பிடுவார். அன்று நீ என்றார்.

"நீ எனக்குப் பொய் சொன்னாய். ரெண்டு வருஷம் நான் ஒரு பொய்க்கு மருந்து எழுதினனான். உன்ர அக்காவை நான் ஒருக்கா பாத்திருந்தால், புருஷனைக் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சிருப்பன். கேக்கிறியா? ஒரு மத்தியானக் கதை. அவ்வளவுதான் தேவைப்பட்டது."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். போகச் சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். "அடுத்த மாசத்தில இருந்து தோட்டங்களுக்குக் கிளினிக் போறன். நீரும் வாறீர்" என்றார். முதல் கிளினிக் தெல்தோட்டையில், எங்கள் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில். நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள், என் சொந்தக்காரர்களும் அதற்குள். டொக்டர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்து, "இவ தன்ர அக்காவைப் பற்றிச் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்கக்காவுக்கு வலிப்பு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன். பின்னால் நின்ற ஒரு ஆள் தன் மகனை முன்னால் தள்ளிவிட்டார். பிறகு இன்னொரு பெண் எழும்பி வந்தாள். அன்று முடிவதற்குள் பதினாறு பேர் தங்கள் பெயரை எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த இருபது வருஷம் ஒவ்வொரு தோட்டத்திலும் அதையே சொன்னேன். டொக்டர் ஒரு தடவைகூட எனக்குப் பதிலாகச் சொன்னதில்லை. அதைக் கொடுமை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒரு பெண் போன மாதம் பிரேத வண்டிக்குப் பின்னால் பேரப்பிள்ளையோடு நடந்து வந்தாள்.

அவருக்கு என்ன கிடைத்தது என்று கேள். மெஷின் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து நரம்பியலுக்கு ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். அதன் தலைமைப் பதவியை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். சுவரில் மாட்டிய அந்தத் தாளுக்கு முன்னால் நின்று பாடம் கேட்டுப் போனவர்தான் அவர். திறப்பு விழாவில் டொக்டருக்கு மூன்றாவது வரிசையில் கதிரை. பேசியவர்கள் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்குக் கொதித்தது. "நீங்க எழும்பி வாங்க டொக்டர், போவோம்" என்றேன். அவர் கடைசி வரை இருந்து கைதட்டிவிட்டுத்தான் எழும்பினார். "கல்லில பேர் வெட்டினால் ஆருக்கு வலிப்பு நிக்கப் போகுது? பத்து மணிக்குக் கிளினிக் எல்லோ, வாரும்." ஆனால் கிளினிக் வான் வண்டியில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கலஹா சந்தி வரும்வரை திரும்பவில்லை.

உனக்கு எட்டு வயதில் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அக்காவின் கதையை நூறு தோட்டங்களில் சொன்னவள், உன் பள்ளிக்கூடப் படிவத்தில் "ஏதேனும் நோய் உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். ஊரார் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒரு சட்டம். இரண்டாவது மாதம் காலைக் கூட்டத்தில் உனக்கு வலிப்பு வந்தது. உன் டீச்சர் பதறிப்போய் உன் வாயில் கரண்டியைத் திணித்தார். உன் கீழ்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருக்கிறதே, விளையாடும்போது விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்கிறாயே, அது அந்தக் கரண்டியில் உடைந்தது. டீச்சரில் பிழையில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டவள் நான்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. உடைந்த பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நாள் தன் கிளினிக்கை ஒத்திப்போட்டுவிட்டு உன் வகுப்புக்கு வந்தார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் உன் தோளில் கை வைத்துக்கொண்டு, "இவருக்கு வலிப்பு வரும். சிரிக்கிற ஆக்கள் இப்ப சிரியுங்கோ. பிறகு சிரிக்கேலாது, உங்களுக்கு வேலை இருக்கு" என்றார். மேசை நகர்த்த இரண்டு பேர், டீச்சரைக் கூப்பிட ஒருவர், நேரம் பார்க்க ஒருவர் என்று வேலை பிரித்துக் கொடுத்தார். நேரம் பார்க்கிற வேலைக்குச் சண்டையே வந்தது. அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்து, "அம்மா, நாளைக்கு வருமா? நிமல் அவங்கப்பா மணிக்கூட்டக் கட்டிட்டு வர்றான்" என்று கேட்டாய். அந்த வகுப்பில் உன்னை யாரும் ஒரு நாளும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் வெட்கத்தை அந்த மனுஷி ஒரே மத்தியானத்தில் வழித்து எறிந்தார். அதைக் கொழும்பில் எந்தக் குப்பைத்தொட்டியில் திரும்பப் பொறுக்கினாய்?

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் கழித்தும் அவர் தெல்தோட்டைக் கிளினிக்கை விடவில்லை. ஒரு நாள் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாரும். வரி போகப் போக எழுத்து சின்னனாகுது." நான் கண்ணாடியை மாற்றச் சொன்னேன். "கண்ணில்லை. பார்கின்சன்ஸ். வலது கையில ஒரு வருஷமாத் தெரியுது" என்றார், வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. அன்றே ஒரு கடதாசியில் என்னைக் கொண்டு பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் செய்து கிளினிக் கதவில் ஒட்டினார்: "எனக்குப் பார்கின்சன்ஸ் நோய். கை நடுங்கும், பேச்சு மெதுவாக வரும். விருப்பமில்லாதவர்கள் வேறு டொக்டரிடம் போகலாம்." ஒருவரும் போகவில்லை. மூளைக்கு வைத்தியம் பார்த்தவருக்கு மூளையில் நோய் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பார். அவருக்கும் தன்மானம் இருந்தது, உன்னைவிட அதிகமாகவே இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பில் உனக்குத் திரும்ப வந்ததையும், மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததையும் என்னிடம் சொன்னாய். பெண் வீட்டுக்கு இப்போது வேண்டாம், பிறகு நானே சொல்கிறேன் என்றாய். நான் நம்பினேன். தீபாவளிக்குத் தர்ஷினி வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு இங்கே வந்தபோது உன் அழுக்குத் துணியை எடுக்கப் பையைத் திறந்தேன். விட்டமின் என்று லேபல் ஒட்டிய போத்தலில் உன் மாத்திரை. எண்ணினேன். எண்ணுவது என் தொழில். நாளைக்கு இரண்டு என்று நீ வாங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஆறு மாத்திரை கூடுதலாக இருந்தது. மூன்று நாளும் நீ போடவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து போடவில்லை. போத்தலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். நீ ஹோலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு தேநீர் கேட்டாய். நான் ஊற்றிக் கொண்டுவந்து தந்தேன். அன்றைக்கே பேசாமல் விட்டது என் பிழை. உன்னைப் புடவைக் கடை வாசலில் பார்க்கும்வரை எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் இருந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி தனியாக இங்கே வந்தாள். கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள், வீட்டில் தையல்காரியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு. பார், உன்னால் அவளும் பொய் சொல்லப் பழகுகிறாள். வந்தவள் தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நான் ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? அவருக்கு ஏதாவது வருத்தம், நோய் இருக்கா?"

"ஏன் கேக்கிற?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சும் ஓட்ட மாட்டேங்கிறாரு. விட்டமின்னு ஒண்ணு போடுறாரு, நான் பாத்தா மூடி வைக்கிறாரு. அன்னைக்குப் பிரேதம் போனப்ப அவரு முகம் வெளுத்துப் போச்சு. தெரியாதவங்களுக்கு யாரும் அப்படி ஆக மாட்டாங்க அத்தை."

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. நோய் யாருடையதோ அதைச் சொல்கிற உரிமையும் அவருடையது, எங்கள் வேலை அவர் சொல்லும்படி செய்வதுதான் என்று டொக்டர் சொல்வார். அந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் வாயை மூடினேன். "இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன்மா. அவன்தான் சொல்லணும். அவன்கிட்டயே கேளு. சிரிச்சு மழுப்புவான். விடாத" என்றேன்.

அவள் ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்தாள். பிறகு, "வருத்தம்னா பாத்துக்கலாம் அத்தை. என்கிட்ட மறைக்கிற அளவுக்கு என்னப் பத்தி என்ன நெனச்சிருக்காருன்னுதான் தெரியல" என்றாள். மகனே, இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

அவளைக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். பஸ் கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கையில் அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, மெதுவாக, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, வலிப்பு வந்தா ஆள ஒரு பக்கமா சரிச்சுப் படுக்க வைக்கணுமாமே. இடப்பக்கமா, வலப்பக்கமா?"

இத்தனை வருஷம் தோட்டம் தோட்டமாகப் போய் நான் சொன்ன பதில். "எந்தப் பக்கமும் சரிம்மா" என்றேன். "வாயில ஒண்ணும் வைக்காம, முடியும்வரைக்கும் பக்கத்துல இருந்தா போதும்." அவள் தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, மாத்திரையின் பெயரைப் பார்த்திருப்பாள், யாரையாவது கேட்டிருப்பாள். தெரிந்துகொண்டுதான் சேலை எடுத்திருக்கிறாள். நீ வாயைத் திறப்பாயா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது சொன்னாள், வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் கொழும்புக்கு வருகிறாள், உன்னிடம் கேட்பதற்கு. நீ ஸ்டேஷனுக்குப் போ. அவள் கேட்கும்வரை நிற்காதே.

அவளுக்குத் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லாமல் விட்டு, அவளிடம் நீ உண்மை சொல்கிறாயா பொய் சொல்கிறாயா என்று தூர இருந்து பார்க்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு அது வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகு அதுவும் ஒரு மறைப்புத்தானே என்று விட்டுவிட்டேன். என் அக்காவுக்காக மறைத்தேன், உனக்காக மறைத்தேன். எனக்குப் போதும்.

உன் மேல் இன்னும் கோபம் ஆறாத,
அம்மா